எண்ணி முடிச்சிட்டுப் பேசலாம்

பிப்ரவரி 24

அன்புள்ள சகலைக்கு,

இங்கே நலம். உங்கள் நலமும் மச்சினியின் நலமும் அறிய ஆவல். இந்தக் கடிதம் ஏன் உங்கள் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கு வருகிறது என்று யோசிப்பீர்கள். வீட்டுக்குப் போட்டால், உறையின் பின்பக்கம் என் முகவரியைப் பார்த்ததுமே அது குப்பைக்கூடைக்குப் போகும். போன் பண்ணலாமென்றால், இங்கே உங்கள் அண்ணிக்குக் காது நாலு. கடிதம்தான் சட்டைப்பையில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும்.

நாம் பேசி நாலு வருஷம் ஆகிறது. அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்தினால் அவர்களைக் கட்டியவர்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று யார் சட்டம் போட்டது? நமக்குள் ஒரு தகராறும் இல்லையே.

விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இன்னும் அதே மின்சார மீட்டர் குறிக்கும் வேலைதான். மீட்டரெல்லாம் வீட்டின் பின்பக்கம் இருப்பதால், யார் தோட்டத்தில் என்ன பூத்திருக்கிறது என்பது வீட்டுக்காரரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். போன வாரம் ஒரு பல் டாக்டர் வீட்டில் பெட்டியைத் திறந்தேன். எண் தெரியும் கண்ணாடிமேல் ஒரு பட்டாம்பூச்சி உட்கார்ந்திருந்தது. செங்கல் நிறம், ஓரத்தில் கறுப்பு. குளிர் போன பிறகு நான் பார்த்த முதல் பட்டாம்பூச்சி அதுதான். விரட்ட மனசு வரவில்லை. ஐந்து நிமிஷம் அப்படியே நின்றேன். டாக்டரின் மனைவி வந்து, மீட்டரில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். ஆமாம், றெக்கை முளைத்திருக்கிறது என்றேன்.

அன்று சாயங்காலமே நூலகப் பலகையில் ஓர் அறிவிப்பு. வசந்த காலம் முழுக்க, ஞாயிறு தோறும் காலையில் ஒரு மணி நேரம் ஒரே பாதையில் நடந்து, பார்த்த பட்டாம்பூச்சிகளை எண்ணிக் குறிக்க வேண்டுமாம். இரண்டு வெவ்வேறு ஊர்க்காரர்கள் இணையாகச் சேர்ந்தால்தான் படிவம் தருவார்கள். வெளியூரில் எனக்கு யாரைத் தெரியும்? உங்களைத் தவிர ஒருவரையும் தெரியாது. சேருகிறீர்களா? பட்டாம்பூச்சியைத் தவிர வேறு எதையும் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பெரிய சகலை

மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். நீங்களும் அண்ணியும் சுகமா?

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் கெட்ட செய்தியோ என்று பயந்து, பதினான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைக்கு எடுத்துப்போய்ப் பிரித்தேன். றெக்கை முளைத்த மீட்டரைப் படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்திருக்கிறேன். லிஃப்ட் ஓடும் சுவருக்குள் அந்தச் சத்தம் கீழே வரை போய்விட்டது. யாராவது மாட்டிக்கொண்டார்களா என்று காவலாளி போன் பண்ணினார்.

சேருகிறேன். இங்கே கால்வாய் ஓரம் ஒரு பூங்கா இருக்கிறது. நடக்க ஒரு மணி நேரம் சரியாக ஆகும். கணக்கில் சேராது என்றாலும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதினான்காம் மாடியில் யாரோ தொட்டிகளில் பூச்செடி வைத்திருக்கிறார்கள். நேற்று அங்கே ஒரு மஞ்சள் பட்டாம்பூச்சியைப் பார்த்தேன். அவ்வளவு உயரம் எப்படி வந்ததோ. லிஃப்ட்டில் வந்திருக்காது, அது இரண்டு நாளாகப் பழுது.

உங்கள் மச்சினிக்கு ஆபரேஷன் ஆன கண் இப்போது நன்றாக இருக்கிறது. பழையபடி துணி மில்லில் பூ, கொடி, கட்டம் என்று டிசைன் வரைகிறாள். நூல் கோக்கக்கூட என்னைக் கூப்பிடுவதில்லை. மற்றதைப் பற்றி எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. பட்டாம்பூச்சி மட்டும் போதும் என்று நீங்கள் எழுதியது எனக்கு நிம்மதி.

இப்படிக்கு,
தம்பி

மார்ச் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். தம்பி என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டதால் இனி 'நீ' என்றே எழுதுகிறேன். கோபித்துக்கொண்டால் எனக்குத் தெரியப்போவதில்லை, நீ தூரத்தில் இருக்கிறாய்.

முதல் ஞாயிறு பதினொன்று, இரண்டாம் ஞாயிறு பத்தொன்பது. பெயர் தெரியாததற்கெல்லாம் நானே பெயர் வைத்துவிட்டேன். செங்கல் நிறத்தது 'பல் டாக்டர்'. புல்லோடு புல்லாகப் பறக்கும் குட்டி நீலம் 'தபால்தலை'. நேராக மேலே போய் நேராகக் கீழே வரும் வெள்ளைக்கு உன் ஞாபகமாக 'லிஃப்ட்காரன்'.

ஓர் ஓய்வுபெற்ற நீதிபதி வீட்டு நாய் என்னைப் பார்த்து ஆறு வருஷமாகக் குரைத்துக்கொண்டிருக்கிறது. போன ஞாயிறு பையில்லாமல், சீருடையில்லாமல், கையில் பென்சிலோடு அந்த வேலியோரம் போனேன். அது குரைக்கவே இல்லை. என் முகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை, இத்தனை வருஷமும் சட்டையோடுதான் அதற்குப் பகை. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அதே வீட்டு எலுமிச்சை மரத்தில் பறவை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்தால் நகர்கிறது. அது புழு. இளசில் எச்சம் போல இருந்து, வளர வளர இலைப்பச்சைக்கு மாறும். முற்றிய இலையைத் தொடாது, கொழுந்தைத்தான் தின்னும். கூடு கட்டப் பெரும்பாலும் மரத்தை விட்டு இறங்கி வேறு குச்சியைத் தேடும். அதனால் மரத்தடியில் கிடக்கும் சுள்ளியைப் பெருக்கித் தள்ளக்கூடாது.

அண்ணி சௌக்கியம். அதே நாற்றுப் பண்ணையில்தான் வேலை. இந்தக் கடித விவகாரம் அவளுக்குத் தெரியாது.

அன்புடன்,
அண்ணன்

மார்ச் 27

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நலம். எங்கள் பக்கம் பதினான்கு, இருபத்திரண்டு, இருபது. மூன்றாம் ஞாயிறு காற்று அதிகம்.

பெயர் தெரியாத ஒன்றை உங்களுக்குக் காட்டலாமென்று வரைந்து அனுப்பியிருக்கிறேன். கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்திருந்தது. மூடினால் காய்ந்த இலை, திறந்தால் உள்ளே ஆரஞ்சும் கண் மாதிரி நாலு புள்ளியும். பின்பக்கம் லிஃப்ட் சோதனைத் தாளாக இருப்பதற்கு மன்னிக்கவும்.

ஒன்று கேட்கலாமா? எலுமிச்சைப் புழுவைப் பற்றி எழுதியிருந்த நாலு வரி உங்கள் பேச்சு மாதிரியே இல்லை. சுள்ளியைப் பெருக்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு எப்போது தெரியும்? அண்ணிக்கு உண்மையிலேயே இந்த விவகாரம் தெரியாதா?

இப்படிக்கு,
தம்பி

ஏப்ரல் 5

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்கு எல்லாம் தெரியும். உன் முதல் கடிதத்தையே சட்டையைத் துவைக்கும்போது எடுத்திருக்கிறாள். காயவைத்து, இஸ்திரி போட்டு, அதே பையில் திரும்ப வைத்திருக்கிறாள். பிரித்தபோது கடிதம் மொறமொறவென்று இருந்தது. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

நான் பதில் எழுத உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து துணி மடிப்பாள். எனக்குச் சொல்வது போல இல்லாமல், சுவருக்குச் சொல்வது போல, எலுமிச்சைப் புழுவைப் பற்றி ஏதாவது சொல்வாள். நான் எழுதிக்கொள்வேன். உன் படம் வந்த அன்று மட்டும் துணியைக் கீழே வைத்துவிட்டுத் தாளை ஜன்னலுக்கு எடுத்துப்போனாள். வெகுநேரம் பார்த்தாள். "இது சின்னவ கை. இந்த மீசையை இப்படி ஒரே இழுப்பில வேற யாராலயும் போட முடியாது" என்றாள். பிறகு, "கண்ணு நல்லாத்தான் தெரியுது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

நீ வரைந்தாய் என்று நானும் ஒரு நிமிஷம்கூட நம்பவில்லை. கல்யாணப் பத்திரிகையில் நீ அடிக்கோடு போட்டதே மேடும் பள்ளமுமாகத்தான் இருந்தது.

பட்டாம்பூச்சியைத் தவிர வேறு பேச வேண்டாம் என்று எழுதியது நான்தான். இன்று ஒரே ஒரு தடவை மீறுகிறேன். மாமா இறந்த அன்று சின்னவள் கண் ஆபரேஷன் ஆகி நாலாம் நாள். கண்ணுக்குள் காற்றுக் குமிழி வைத்திருந்தார்கள். பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும், பயணம் கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா போய்ப் பதினோராம் நாள்தான் அவளுக்குச் செய்தி தெரிந்தது. அதுவும் யாரோ துக்கம் கேட்கப் போன் பண்ணியதால். மறைத்தது அக்காதான் என்று அன்றோடு பேச்சை விட்டாள். இதெல்லாம் உனக்குத் தெரியும்.

மாமா போன அன்று காலை பெரியவள் போனில் பேசியபோது நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். இதற்குமேல் எழுதக்கூடாது என்று எனக்கு நாலு வருஷமாக உத்தரவு. அதனால் எழுதவில்லை.

இந்த ஞாயிறு இருபத்தேழு.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 18

அன்புள்ள தம்பிக்கு,

நலம்தானே? இரண்டு வாரமாக உன் கடிதம் இல்லை. நான் எழுதியதை மறந்துவிடு. எனக்கு நாக்கு நீளம் என்று ஊருக்கே தெரியும், பேனாவும் அப்படித்தான் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

இந்த வாரம் முப்பத்தாறு. முட்டைக்கோஸ் பாத்தி வைத்திருக்கும் ஒரு தையல்கார அம்மாள் வீட்டில் மட்டும் பதினேழு லிஃப்ட்காரன்கள். பாத்தி முழுக்க ஓட்டை. அந்த அம்மாள் என்னைக் குற்றவாளி மாதிரி பார்த்தார். நீங்கள் எண்ண எண்ணத்தான் கூடுகிறது, அடுத்த வாரம் எண்ணாமல் போங்கள் என்றார்.

நீ எண்ணிக்கை மட்டும் அனுப்பினாலும் போதும். பெரியவள் கேட்கவில்லை. ஆனால் தினமும் வேலையிலிருந்து வந்ததும் என் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறாள்.

அன்புடன்,
அண்ணன்

ஏப்ரல் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சொல்வதற்கு எனக்கு முகம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

நீங்கள் எழுதாமல் விட்டதை நானே எழுதுகிறேன். அன்று காலை அண்ணி எனக்குத்தான் போன் பண்ணினார்கள். "அப்பா போயிட்டார். அவகிட்ட எப்படிச் சொல்றது, நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்கள். சொல்ல வேண்டாம் என்றது நான். சமயம் பார்த்து நானே சொல்கிறேன் என்றதும் நான். ஒவ்வொரு நாளும் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். பதினோராம் நாள் அவள் அக்காவுக்குப் போன் போட்டு ஏன் மறைத்தாய் என்று கத்தியபோது நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நான் பேசுவேன் என்று அண்ணி காத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. நான் பேசவில்லை. "நான்தான் முடிவு பண்ணேன்" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அது எனக்கும் கேட்டது.

மாட்டிக்கொண்டவர்களைக் கதவைத் திறந்து வெளியே விடுவதுதான் என் தொழில். பயப்படாதீங்க, ரெண்டே நிமிஷம் என்று வெளியிலிருந்து தைரியம் சொல்வேன். என் கதையில் அந்த இரண்டு நிமிஷம் நாலு வருஷமானது.

உங்கள் கடிதத்தை மூன்று ஞாயிறுகள் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். படம் வரைந்து தரச் சொன்ன நாளிலிருந்து அவளும் என்னோடு நடக்க வருகிறாள். பென்சில் அவள் கையில், படிவம் என் கையில். இந்த ஞாயிறு ஊதாப்பூப் புதர் பக்கம் போகும்போது, நிற்காமலே, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். "உங்கப்பா போன அன்னிக்கே எனக்குத் தெரியும். உங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு அக்காகிட்டச் சொன்னது நான்தான்."

அவள் நின்றாள். புதரில் ஒரு வெள்ளைப் பட்டாம்பூச்சி இறங்கியது. அதைப் பார்த்தாள். படிவத்தை என் கையிலிருந்து வாங்கி ஒரு கோடு போட்டாள். "இன்னும் கால் மணி நேரம் இருக்கு. எண்ணி முடிச்சிட்டுப் பேசலாம்" என்றாள். அந்தக் கால் மணி நேரம் அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன். அவள் ஒன்பது எண்ணினாள். எனக்கு ஒன்றும் கண்ணில் படவில்லை.

மூன்று நாள் பேசவில்லை. நாலாம் நாள் காலை நான் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து எதிரில் உட்கார்ந்தாள். நாலு வருஷம் உங்களால் எப்படி முடிந்தது என்று கேட்டாள். முதல் நாள் பயமாக இருந்தது, மறுநாள் அதைவிட, அப்புறம் பயமே பழகிவிட்டது என்றேன். அழுதேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். அவள் அழவில்லை. உங்கள் கடிதங்களைக் கேட்டாள். எல்லாவற்றையும் கொடுத்தேன். தபால்தலை, லிஃப்ட்காரன் எல்லாம் படித்துச் சிரித்தாள். என்னைப் பார்த்து இன்னும் சிரிக்கவில்லை.

இணை ஊர் எது என்று முதல் நாளே அவளுக்குத் தெரியுமாம். நான் என்றைக்குச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எண்ணிக்கை முப்பத்தொன்று.

இப்படிக்கு,
தம்பி

மே 5

அக்காவுக்கு,

நலம். உன் நலத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, ஆனாலும் விசாரிக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? குனிந்து நாற்று நடுவதை விடு என்று எத்தனை தடவை சொன்னேன்.

என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற நீ யார்? அவர் செய்ததற்கு அவரை நான் திட்டியிருப்பேன், ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். அவருக்காக உன்னை நாலு வருஷம் திட்டியிருக்கிறேன். உனக்குக் கேட்காத இடத்தில் என்னென்ன சொன்னேன் என்று உனக்குத் தெரியாது. உன் பிறந்தநாள் அன்று வேண்டுமென்றே மில்லில் கூடுதல் வேலை கேட்டு வாங்கிக்கொள்வேன், போன் பக்கம் கை போகக்கூடாதென்று. இப்போது அதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பது? நீ அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அவர்மேல் கோபம் இருக்கிறது. போகும். பூட்ஸ் கயிற்றைக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்து அழுத மனுஷனை எவ்வளவு நாள்தான் முறைப்பது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்கு அந்த ஒரு நாள் இல்லை. அப்பாவின் கடைசி நாள் எல்லோரிடமும் இருக்கிறது, என்னிடம் மட்டும் இல்லை. அன்று அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், என்ன செய்தார், யாரைத் திட்டினார் என்று எழுது. எதையும் விடாதே. என்னை அழவைக்கக்கூடாதென்று எதையாவது மறைத்தாயானால், அப்புறம் நிஜமாகவே பேச மாட்டேன்.

சின்னவள்

மே 12

அன்புள்ள சின்னவளுக்கு,

நான் சுகம். முழங்கால் அப்படியே இருக்கிறது. முக்காலி போட்டு உட்கார்ந்துதான் நாற்று எடுக்கிறேன். உன் கடிதத்தைப் பண்ணையிலேயே படித்தேன். முதலாளியம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. அவரைச்செடித் தொட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இன்னும் இரண்டு தடவை படித்தேன்.

அது செவ்வாய்க்கிழமை. பேக்கரி அடுப்பு வேலையை விட்டுப் பத்து வருஷமாகியும் அப்பாவுக்கு விடிவதற்கு முன்னால் எழும் பழக்கம் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். எழுந்து டீ போட்டார். எனக்கும் ஒரு கோப்பை கொண்டுவந்து வைத்தார், சர்க்கரை போட மறந்துவிட்டார். நான் சொல்லவில்லை, அப்படியே குடித்தேன். ரேடியோவில் மழை வரும் என்றார்கள். ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்துவிட்டு ரேடியோக்காரரைத் திட்டினார்.

அப்புறம் உன்னைப் பற்றிக் கேட்டார். "இன்னும் எத்தனை நாள் குப்புறப் படுக்கணும் அவ?" ஆறு நாள் என்றேன். எப்படித்தான் படுத்திருக்கிறாளோ என்று சொல்லிக்கொண்டே போனார். கொஞ்ச நேரம் சத்தத்தைக் காணோமே என்று எட்டிப் பார்த்தால், கட்டிலில் குப்புறப் படுத்திருக்கிறார். முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு, கையை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு. என்னப்பா என்றேன். "சும்மா பார்த்தேன்" என்றார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மூச்சு முட்டுது. நம்ம சின்னவ கெட்டிக்காரி" என்றார். இதை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கும் இரண்டு பேரும் சிரித்தோம்.

ஒன்பது மணிக்கு வெயிலில் நாற்காலி போட்டு நகம் வெட்டிக்கொண்டார். நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். ஒரு கை வெட்டி முடித்திருந்தார். திரும்பிப் பார்த்தபோது தலை சாய்ந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தேன். முகத்தில் வலியோ பயமோ எதுவும் இல்லை. இவ்வளவுதான். எதையும் விடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். உனக்கு அப்போது இரண்டு மணிக்கு ஒரு தடவை கண்ணில் மருந்து விட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள்மேல் உனக்குக் கோபம் வந்தால் யாரிடம் முகத்தைக் காட்டுவாய்? என்மேல் வந்தால் பரவாயில்லை, நான் தூரத்தில் இருக்கிறேன், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். கண் ஆறியதும் அவரே சொல்லிவிடுவார் என்று இருந்தேன். அவர் சொல்லவில்லை. நாள் போகப் போக என்னாலும் சொல்ல முடியவில்லை. செய்தது சரி என்று சில நாள் தோன்றும், இல்லை என்று சில நாள் தோன்றும். உன்னைக் கேட்காமல் உனக்காக முடிவு பண்ணியது தப்புதான்.

பண்ணையில் இப்போது எல்லாம் பூத்துவிட்டது. காலை ஒன்பது மணிக்கு வந்து நின்றால் எண்ண விரல் போதாது. வருகிறாயா?

அக்கா

மே 17

அக்கா,

சுகம். உன் கடிதத்தை அவரும் படித்தார். குப்புறப் படுத்த இடத்தில் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம், அப்புறம் நான் மட்டும் அழுதேன், அப்புறம் மறுபடியும் சிரித்தேன்.

சனிக்கிழமை பதினொன்றேகால் ரயில். அவர் திங்கள்கிழமை திரும்புகிறார், லிஃப்ட் காத்திருக்காதாம். நான் இருப்பேன்.

சின்னவள்

ஜூன் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மூன்று பேரும் நலம். தனியாக இருக்கும் உன் நலமறிய ஆவல்.

ஸ்டேஷனில் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்று நான் இரண்டு கைக்குட்டை எடுத்து வந்திருந்தேன். நடந்ததை நீயே பார்த்தாய். "இளைச்சிட்டே" என்று பெரியவளும் "நீ பெருத்துட்டே" என்று சின்னவளும் சொல்லிக்கொண்டதோடு சரி. கைக்குட்டை உனக்கும் எனக்கும்தான் பயன்பட்டது. பெரியவள் உன்னிடம் பெட்டியை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாளே, அதற்குமேல் அந்த விஷயத்தை அவள் உன்னிடம் பேசப்போவதில்லை. நீயும் இனி அதைச் சுமந்துகொண்டு திரியாதே.

நீ ரயில் ஏறிய பிறகு எனக்குக் கொஞ்சம் பயமாகிவிட்டது. ஏனென்றால் இரண்டு பேரும் விருந்தாளிகள் மாதிரி நடந்துகொண்டார்கள். நீ முதல்ல குளி, இல்லை நீ குளி. இந்த நாற்காலி வேணுமா, வேண்டாம் நீயே உட்காரு. இப்படியே ஐந்து நாள். குரலே உயரவில்லை. இந்த மரியாதைக்குப் பேசாமல் இருந்ததே தேவலாம் என்று தோன்றிவிட்டது.

போன ஞாயிறு மூன்று பேரும் பண்ணைக்கு எண்ணப் போனோம். நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். ஊதாப்பூ வரிசையில் ஒரு பல் டாக்டர் பறந்து போய், தகரக் கொட்டகையைச் சுற்றி, மறுபடியும் வந்து உட்கார்ந்தது. பெரியவள் நாற்பத்திரண்டு என்றாள். சின்னவள் இல்லை, நாற்பத்தொன்றுதான், இது முன்பே எண்ணியது என்றாள்.

"இது வேற. அது பெருசு."

"அதேதான். இடது சிறகு ஓரத்தில கிழிசல் இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. ஆபரேஷன் பண்ண கண்ணாலதான் பார்க்கிறேன்." இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணை அகல விரித்துக் காட்டினாள்.

பெரியவள் அந்தக் கண்ணையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்தாள். எவ்வளவு நல்ல கண்ணாக இருந்தாலும் தப்பாகப் பார்த்தால் தப்புதான், அது கிழிசல் இல்லை, சிறகின் ஓரமே அப்படித்தான், பத்து வருஷமாக இந்தப் பண்ணையில் இதைப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தாள். உனக்கு எப்பவுமே நீ சொல்றதுதான் சரி என்று சின்னவள் ஆரம்பித்தாள். சின்ன வயதில் யாரோ ஒருத்தி ஒளித்து வைத்த வளையல் வந்தது. கல்யாணத்தன்று யார் யாருடைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள் என்பது வந்தது. அப்பா செல்லம் கொடுத்துக் கெடுத்தது யாரை என்பதும் வந்தது. பட்டாம்பூச்சி எப்போதோ போய்விட்டது. சத்தம் கேட்டு முதலாளியம்மா கொட்டகையிலிருந்து ஓடிவந்து, என்ன ஆச்சு என்று என்னைக் கேட்டார். ஒன்றுமில்லைங்க, அக்காவும் தங்கச்சியும் பேசிக்கிறாங்க என்றேன்.

அந்த ஞாயிறு எத்தனை என்று கேட்காதே. படிவத்தில் அந்த இடம் காலி.

உன் மனைவி இன்னும் பத்து நாள் கழித்துத்தான் வருவாள் என்று பெரியவள் எழுதச் சொன்னாள். உன்னைக் கேட்கச் சொல்லவில்லை, சொல்லச் சொன்னாள். ஓட்டல் சாப்பாடு அலுத்தால் நீயும் ரயில் ஏறி வா. இதை எழுதும்போதே உள்ளே மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது ஜன்னல் திரையை எந்தப் பக்கம் திருப்பி மாட்டுவது என்று. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். பேனாவை மூடிவிட்டு, போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்.

அன்புடன்,
அண்ணன்